வெங்காயம் குரைக்க வேண்டும்

எங்கள் பள்ளியில் நாய்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது வாயை மூடிக்கொண்டிருக்க. உட்காருவது, எழுந்திருப்பது, கூப்பிட்டால் வருவது எல்லாம் அதற்கப்புறம்தான். பள்ளி என்றதும் கரும்பலகை, சாக்பீஸ் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கொள்ளிடம் தாண்டி, டோல்கேட் தாண்டி, திருவெள்ளறை போகிற ரோட்டில், இரண்டு ஆள் உயர மதிலுக்குள் இருந்த சீர்திருத்தப் பள்ளி அது. வாசல் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. பஸ் கண்டக்டர்கள் "சின்ன ஜெயில் எறங்கு" என்று கத்துவார்கள். என்னைக் கேட்டால் கண்டக்டர்கள் பக்கம்தான் நியாயம்.

நான் அங்கே போனது ஒரு மூட்டை வெங்காயத்துக்காக. காந்தி மார்க்கெட்டில் வெங்காய விலை ஏறிக் கிடந்த ஒரு மழைக்காலம். நான் ஒல்லி; ஓட்டைப் பிரித்துச் சத்தமில்லாமல் உள்ளே இறங்குவேன், எந்தச் சுவரிலும் ஏறுவேன். என் திறமையை மெச்சி மூன்று பெரிய மனிதர்கள் என்னை ஒரு மண்டிக்குள் இறக்கினார்கள். போலீஸ் வந்ததும் மூன்று பேரும் மாயமானார்கள். நான் மட்டும் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். "காத்தான், வயது பதினாலு, களவு" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

நாய்கள் வந்தது எண்பத்து நாலில், பொங்கல் கழிந்து. கொண்டுவந்தவர் டோரதி டீச்சர். மேலப்புதூரில் தனியாக இருந்தார். நாய் வண்டியை நடுரோட்டில் மறித்து, குடையை நீட்டிச் சண்டை போட்டு, பிடிபட்ட நாய்களை இறக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு வைத்திருப்பார். பழக்காத தெருநாயை யாரும் வீட்டுக்குக் கூட்டிப்போவதில்லை, பழக்க அவருக்கு நேரமில்லை. "உங்க பசங்க சும்மாதானே இருக்காங்க, பழக்கிக் கொடுக்கட்டுமே" என்று எங்கள் சூப்பிரண்டு தைரியராஜைப் பிடித்துக்கொண்டார். தைரியராஜ் சார் ஞாயிற்றுக்கிழமை பூசையில் டீச்சருக்குப் பின்வரிசையில் உட்காருகிறவர். பேரில்தான் தைரியம், டீச்சர் திரும்பிப் பார்த்தாலே தலையாட்டிவிடுவார்.

தலைமை வார்டர் சவரிநாதன் அப்படி இல்லை. நாலு நாய்களும் வந்து இறங்கிய அன்றைக்கே எங்களை வரிசையில் நிறுத்தினார்.

"ராத்திரி நான் காதால காவக் காக்கிறவன்டா. கம்பி அறுக்கிற சத்தம், ஓடு நகர்ற சத்தம், எல்லாம் எனக்குக் கேக்கணும். நாய் கொலைச்சுக்கிட்டிருந்தா எனக்கு என்னடா கேக்கும்? ஒரு தடவை கொலைச்சாலும் சரி, நாலையும் வண்டியில ஏத்திருவேன்."

வண்டியில் ஏறின நாய் திரும்பி வராது. எங்களில் விளக்கம் கேட்டவன் ஒருவனும் இல்லை.

எனக்கு வந்தது ஒரு செவலைப் பெட்டை. ஒரு காது கிழிந்திருந்தது. டீச்சர் அதற்கு டெய்ஸி என்று பேர் வைத்தார். நல்ல பேர்தான், கான்வென்டில் படிக்கிற நாய்க்கு. நான் வெங்காயம் என்று கூப்பிட்டேன். அதுவும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தது.

வாயை மூடப் பழக்கியது இப்படித்தான். அது மூக்கை உயர்த்தி, தொண்டையில் உர்ரென்று ஆரம்பிக்கும்போதே ஒரு கையால் வாயைப் பொத்துவேன். அடங்கும்வரை பிடித்திருப்பேன். அடங்கியதும் என் பங்குக் களியில் ஒரு உருண்டை. முதல் வாரம் கையெல்லாம் பல் பட்ட தடம். அப்புறம் கையைப் பார்த்தாலே அடங்கியது. அப்புறம் கையே வேண்டியிருக்கவில்லை. ஒருநாள், இன்னொரு நாயைப் பழக்கிய பிச்சமுத்து தெரியாமல் அதன் வாலை மிதித்துவிட்டான். உடம்பு வில்லாக வளைந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, வாய் திறக்கவில்லை. ஓடிவந்து என் முட்டிக்கு இடையில் தலையை வைத்துக்கொண்டு களிக்குக் காத்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாப்பாட்டு மணி அடிக்கிறவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் பழக்கினேன். மதிலுக்கு உள்பக்கமாக, பத்தடி தள்ளி, சுற்றிலும் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் தப்பி ஓடப் பார்த்ததாகக் கணக்கு. ஆறு மாசம் கூடும். பந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் உருண்டால்கூட வார்டர்தான் எடுத்துப் போடவேண்டும். அவர் வரும்வரை ஆடுகிற எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். வெங்காயமும் அந்தக் கோட்டில் வந்து நின்றுவிடும். நான் எதற்கு நிற்கிறேனோ அதற்கு அதுவும் நின்றது.

வைகாசியில் மெட்ராஸிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. பள்ளிக்குள் பிராணிகள் வைக்கக் கூடாதாம், பெரிய அதிகாரி திங்கட்கிழமை பார்வையிட வருகிறாராம். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எங்கள் நாய்க் கொட்டகை காலியாக வேண்டும். டீச்சர் வெயிலில் அலைந்து ஆள் பிடித்தார். ஆள் கிடைக்காத நாயை ஏற்றிப்போக வண்டிக்கும் சவரிநாதன் சொல்லிவைத்தார். டீச்சர் வீட்டில் இடமில்லை. ஏற்கெனவே ஒன்பது நாய். இன்னும் ஒன்று கூடினால் காலி செய் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

என் கதை இதற்கு நடுவில் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாசம் விசிட்டர்ஸ் கமிட்டி. நன்னடத்தையில் விடுகிற பெயர்களில் என் பெயர் முதலில் இருக்கிறது என்று தைரியராஜ் சாரே சொல்லியிருந்தார். என் அம்மா இருசம்மாள் காந்தி மார்க்கெட்டில் கூடை சுமக்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் பஸ் ஏறி வருவாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று அவள் பேசியதெல்லாம் ஒரே பேச்சு.

"வாழைக்கா மண்டி அப்துல் சுக்கூர் பாய்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஆடி வரைக்கும் வேற ஆளு போட மாட்டேன்னுருக்காரு. மூணு வாரந்தாண்டா. கையக் கால வச்சுக்கிட்டுச் சும்மா இருந்துட்டு வந்துரு."

சும்மா இருப்பதுதானே, இரண்டரை வருஷமாக அதைத்தானே செய்கிறேன் என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

சனிக்கிழமை. காலையில் மாதா கோயிலில் மணியடிக்கிற ஒருவர் வந்து கறுப்பு நாயைக் கூட்டிப்போனார். பிச்சமுத்துவின் நாயைத் திருவெள்ளறையிலிருந்து வந்த ஒரு விவசாயி, பல்லைப் பிடித்துப் பார்த்து, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டார். நொண்டி நாயை யாரும் கேட்கவில்லை. டீச்சரே அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரரிடம் பத்தாவதுக்கு என்ன சொல்வாரோ. மிச்சம் வெங்காயம்.

மத்தியானம் சாய்ந்தபோது நாய் வண்டி வந்து கேட்டுக்குள் நின்றது. தகரப் பெட்டி வைத்த வண்டி. ஓட்டிவந்தவர் பெயர் ஆண்டி. கம்பிச் சுருக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வா என்றார்கள், வந்திருக்கிறார். ஆனால் அந்தத் தகரப் பெட்டியின் நாற்றம் முற்றம் முழுக்கப் பரவிவிட்டது. வெங்காயத்தின் முதுகு மயிர் சிலிர்த்துக்கொண்டது. என் காலோடு ஒட்டி நின்று நடுங்கியது. சத்தம் மட்டும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆட்டோ வந்தது. டீச்சர் ஓடிப்போய், அதிலிருந்து இறங்கியவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்தார். பெயர் வீரராகவன். கைலாசபுரம் குவார்ட்டர்ஸ், ஃபாக்டரியில் ஷிஃப்ட் வேலை. ஸ்ரீரங்கத்துக்காரர். நாய் வளர்ப்பது ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியவே கூடாது என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர். வெங்காயத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, கிழிந்த காதைத் தடவிக்கொடுத்தார்.

"சாதுவா இருக்கே. ஆத்துல குழந்தை இருக்கு, அதான் கேட்கறேன். கடிக்காதே?"

"கடிக்காதுங்க சார்," என்றேன். "உக்காரு." உட்கார்ந்தது. "இரு." இருபதடி போய் நின்றேன், அசையவில்லை. "வா." வந்தது. அவருக்கு முகம் மலர்ந்தது. டீச்சருக்கும். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

"பேஷ். எங்கே, குரைக்கச் சொல்லு பார்ப்போம்."

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார்.

"இல்லே, எனக்கு அதுதான் முக்கியம்," என்றார் வீரராகவன். "நைட் ஷிஃப்ட் போனா ஆத்துல அவளும் கைக்குழந்தையும்தான். ரெண்டு தடவை திருடன் பின்பக்கமா வந்துட்டான். அண்டை அசல் எழுந்துக்கற மாதிரி ஒரு சத்தம் வேணும். அவ்வளவுதான்."

ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, குச்சியை ஓங்கிக்கொண்டு வரச்சொன்னார். அவர் உற்சாகமாகத் தரையை மிதித்துக்கொண்டு வந்தார். வெங்காயம் என் பின்னால் ஒளிந்தது. வீரராகவன் தன் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடச்சொன்னார். ஓடினார். வெங்காயம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. உதட்டை இறுக்கி மூடியிருந்தது. ஓரக்கண்ணால் என் கையைப் பார்த்தது. களி எங்கே என்று கேட்டது அந்தப் பார்வை.

"நாங்கதாங்க சார் கொலைக்கக் கூடாதுன்னு பழக்கினோம்," என்றேன். "இங்க அப்படித்தான் உத்தரவு. ஒரு வாரம் கொடுத்தீங்கன்னா கொலைக்கப் பழக்கிருவேன். நாலு நாள் போதும் சார்."

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணணும்டா," என்றார் தைரியராஜ் சார், தரையைப் பார்த்து. அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கஷ்டப்படுவதோடு அவர் வேலை முடிந்துவிடும்.

குரை, குரை என்றேன். வாயை இரண்டு கையாலும் பிளந்து காட்டினேன். அது என் விரலை நக்கியது. வேறு வழி தெரியவில்லை. நாலு காலில் குனிந்து, சூப்பிரண்டு, வார்டர், வண்டிக்காரர் எல்லோர் முன்னாலும், நானே குரைத்தேன். வள், வள் என்று தொண்டை கிழியக் குரைத்தேன். ஆட்டோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். வராந்தாவிலிருந்து பையன்களும் சிரித்தார்கள். சவரிநாதன் மீசைக்குள் சிரித்தார். வெங்காயம் தலையைச் சாய்த்து என்னையே பார்த்துவிட்டு, மெல்ல வந்து, தன் மூக்கை என் வாய்மேல் வைத்து அழுத்தியது. குரைத்தால் நான் செய்கிற மாதிரியே. அவமானத்தைவிட எனக்கு அப்போது அதன்மேல்தான் ஆத்திரம் வந்தது. சனியனே, உன் உயிர் போகப்போகிறது, எனக்கு வாயைப் பொத்துகிறாயே என்று இருந்தது.

வீரராகவன் எழுந்து வேட்டியைத் தட்டினார். "மன்னிச்சுக்கோங்கோ டீச்சர். பாவமாத்தான் இருக்கு. ஆனா ஊமை நாயை வெச்சுண்டு நான் என்ன பண்றது?" சூப்பிரண்டு பக்கம் திரும்பி, சங்கடத்தை மறைக்க ஒரு சிரிப்புச் சிரித்தார். "ஒருவேளை நெஜத் திருடனைப் பார்த்தாத்தான் குரைக்குமோ என்னவோ. உங்ககிட்டதான் நெறைய பேர் இருக்காளே, ஒருத்தனை மதில் ஏறச் சொல்லுங்களேன்."

"ஐயோ, அது மட்டும் முடியாது சார்," என்றார் தைரியராஜ். "கோட்டத் தாண்டினாலே கேஸ்."

"சரி, நேரமாச்சு," என்றார் சவரிநாதன். ஆண்டியைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஆண்டி பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். தோளிலிருந்து சுருக்கை எடுத்து உதறினார். டீச்சர் நொண்டி நாயின் முகத்தைத் தன் தோளில் திருப்பிக்கொண்டு, "தைரியராஜ், தைரியராஜ்" என்று பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்டி குனிந்தார். வெங்காயம் அவருக்கும் வாலாட்டியது. நான் இரு என்று சொல்லாததால் எழுந்து நின்றது, அவ்வளவுதான். ஓடத் தெரியவில்லை அதற்கு. ஓடக் கூடாது என்று பழக்கியவன் நான்.

நான் ஓடினேன்.

யோசித்து ஓடினேன் என்று சொன்னால் பொய். திருடன்தானே வேண்டும், இதோ இருக்கிறேன் என்று மட்டும் மண்டைக்குள் ஓடியது. நெசவுக் கொட்டகைக்குப் பின்னால், காரை பெயர்ந்து செங்கல் துருத்திக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. வந்த முதல் நாளே பார்த்து வைத்தது, தொழில் புத்தி. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியபோது காலில் நெருப்புப் பட்ட மாதிரி இருந்தது. இரண்டரை வருஷமாகத் தாண்டாத கோடு. பின்னால் விசில் அலறியது. "பிடிடா! பிடி அவனை!" என்று சவரிநாதனின் குரல். செங்கல்லில் காலை வைத்து, எட்டி, மேலே பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகளோடு சேர்த்து மதிலைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். வெங்காயம் என் பின்னாலேயே ஓடிவந்திருந்தது. சுண்ணாம்புக் கோட்டில் வந்து நின்றுவிட்டது. முன்கால் இரண்டும் கோட்டுக்குச் சரியாக முற்றத்துப் பக்கம். என்னையே பார்த்தது. உடம்பு முழுக்க நடுங்கியது. வாய் மட்டும் மூடியபடியே இருந்தது. அப்பால் வீரராகவன் வாயைப் பிளந்து நிற்கிறார். ஆண்டி சுருக்கோடு வருகிறார். நான் இவ்வளவு நல்ல வாத்தியாராக இருந்திருக்க வேண்டாம்.

"கொலைடி!" என்று கத்தினேன். "கொலைச்சுத் தொலையேண்டி!"

இல்லை. வார்டர்கள் இரண்டு பேர் மதிலடிக்கு வந்துவிட்டார்கள். ஒருவன் என் காலைப் பிடிக்க எம்பினான். நான் காலை இழுத்து வெளிப்பக்கம் போட்டேன். அடுத்த காலையும் போட்டேன். கீழே ரோடு. துறையூர் பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. ஒரு பொம்பளை புல்லுக்கட்டோடு நின்று என்னை அண்ணாந்து பார்த்தாள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்துக்குச் சாரம் கட்டியிருப்பது தெரிந்தது. கையை மட்டும் மதில்மேல் வைத்துக்கொண்டு வெளியே தொங்கினேன். உள்ளே இருப்பவர்களுக்கு என் தலை மறைந்திருக்கும். இரத்தம் முழங்கை வழியாக இறங்கி அக்குளை நனைத்தது. விரலை விட்டால் போதும். பஸ் ஏறினால் அம்மா கூடை சுமக்கிற இடத்துக்கே போய்விடலாம். அந்த எண்ணமும் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. யாருடைய குரல் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. கட்டையான, உடைந்த, பழக்கமில்லாத குரல். ஒரு தடவை வந்து நின்றது. அப்புறம் மறுபடியும். அப்புறம் விடாமல், மூச்சு வாங்க நேரமில்லாமல், ஊரைக் கூட்டுகிற மாதிரி வந்தது.

அது திருடனைப் பார்த்துக் குரைக்கவில்லை. என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை. நான் காணாமல் போனதற்குக் குரைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அது குரைப்பதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது. கையை ஊன்றி, மார்பு கண்ணாடியில் கிழிய, மறுபடியும் மேலே ஏறினேன்.

கோட்டைத் தாண்டி வந்திருந்தது. மதிலடியில் முன்கால்களைச் சுவரில் வைத்து நின்று, மேலே பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. நான் உள்பக்கம் குதித்தேன்.

சவரிநாதன் என் பிடரியைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தார். இரண்டு அடியும் விழுந்தது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தது வீரராகவனைத்தான். அவர் குரைக்கிற நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கண் பளபளத்தது.

"பார்த்தேளா டீச்சர்! குச்சிக்குக் குரைக்கலை, பையைப் பிடுங்கினதுக்குக் குரைக்கலை. அதெல்லாம் வேஷம்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. நெஜமாவே ஒருத்தன் சுவரேறி ஓடறச்சேதான் குரைக்கறது. தன்னை வளர்த்த பையன்னுகூடப் பார்க்கலையே! இதைவிட வேற என்ன வேணும்?" ஆண்டியின் கையைத் தள்ளிவிட்டு வெங்காயத்தின் கழுத்துப் பட்டையைத் தானே பிடித்துக்கொண்டார். "ஒரு மாசம் வெச்சுப் பார்க்கறேன். சரிப்படலைன்னா கொண்டுவந்து விட்டுடுவேன், தப்பா நெனைச்சுக்கக் கூடாது."

தைரியராஜ் சார் என் எதிரே வந்து நின்றார். என் கையைத் திருப்பிப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையில் சுற்றினார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு.

"காத்தான். நீ வெளிய தொங்கிட்டு உள்ள திரும்பி வந்திருக்க. ஓடுறவன் எவனும் திரும்பி வரமாட்டான்." குரலைத் தாழ்த்தினார். ஆனால் வீரராகவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "நாயக் கொலைக்க வைக்கத்தானேடா ஏறின? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. நான்தான் ஏறச் சொன்னேன்னு கமிட்டியில சொல்லிக்கிறேன். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அந்த மனிதருக்குத் தைரியம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வந்த நேரம் பாருங்கள்.

வீரராகவன் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். அவர் புருவம் சுருங்கியது. வேஷமா, நிஜமா என்று என் முகத்தில் தேடினார். ஆமாம் சார், நாய்க்காகத்தான் என்று நான் சொன்னால் எனக்கு அந்த ஆறு மாசம் ஏறாது. அப்புறம் அது குரைத்ததும் வேஷத்துக்குத்தான் என்று ஆகிவிடும். பட்டையிலிருந்து அவர் கை நழுவும். ஆண்டி இன்னும் சுருக்கைத் தோளில் மாட்டவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தார். சொல்லு என்றா, சொல்லாதே என்றா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஓடத்தாங்க சார் ஏறினேன்," என்றேன். "கண்ணாடி குத்துச்சு. வலி தாங்கல. அதான் எறங்கிட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுடா."

"ஓடத்தாங்க சார்."

தைரியராஜ் சார் என் கையை விட்டார். அப்புறம் சவரிநாதனிடம், "கையக் கழுவி மருந்து போட்டு உள்ள கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குள் போனார்.

வெங்காயத்தை ஆட்டோவில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. என் பக்கம் திரும்பித் திரும்பிக் குரைத்தது. ஆட்டோ டோல்கேட் பக்கம் திரும்பும்வரை கேட்டது. சவரிநாதன் அதுவரை என்னை இழுக்காமல் நின்றார். அவருக்கு நாயைப் பற்றி எல்லாம் தெரியும்; நாலு மாசம் அதன் சத்தத்துக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தவர். எனக்குப் பயம் அவர்மேல்தான். நாய்க்காகத்தான் ஏறினான் என்று ஒரு வார்த்தை விட்டாரானால், அது கைலாசபுரத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? அவர் ஒன்றும் பேசவில்லை. பேசமாட்டார் என்றும் நம்ப முடியவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா வந்தாள். எப்போதும் போல அவித்த பயறும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தாள். கேட்டிலேயே சொல்லியிருப்பார்கள். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று என் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வலை ஓரத்தில், முக்காலி போட்டு, சவரிநாதன் உட்கார்ந்திருந்தார். பார்க்க வருகிறவர்கள் பேசுவதைக் கேட்பது அவர் வேலை.

"ஓடப் பாத்தியாமே?" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மூணு வாரண்டா. மூணே வாரம். மூணு வாரம் உன்னால பொறுக்க முடியலையா?"

அம்மா, நான் ஓடவில்லை, நாய்க்காக ஏறினேன் என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அந்த வலையைப் பிய்த்துக்கொண்டு போய் அவள் காதில் மட்டும் சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பேன். சவரிநாதன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காது என் பக்கம்தான் இருந்தது.

"முடியலம்மா," என்றேன்.

அவள் வலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சும்மாட்டுத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன்; அப்படிச் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் பொறுத்தேனேடா," என்றாள்.

பொட்டலத்தை வார்டரிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.